மாட்டு வெக்கையும் பல தேசங்களின் கூட்டு ஆராய்ச்சியும்

குடியானவனுக்குக் கால்நடைகளே நடமாடும் செல்வம். உழவுக்கும், கவலை இறைப்பதற்கும், வண்டிக்கும், எருவுக்கும், பாலுக்கும் அவற்றையே அவன் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறான். பருவமழை பொய்த்தால் ஒரு போகத்து விளைவு போகும். அடுத்த மழைக்கு நிலம் அங்கேயே இருக்கும். ஆனால் உழுகிற பருவத்தில் ஏர்மாடுகள் இரண்டும் ஒரே வாரத்தில் மாண்டுபோனால், மழை பெய்தும் பயனில்லை. மறு ஜோடி வாங்கக் கடன்பட்டு, அந்தக் கடனைத் தீர்ப்பதற்குள் நிலமே கைமாறிப் போவதும் உண்டு. இவ்வித அழிவை ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களிலும் உண்டாக்கி வந்த வியாதி மாட்டு வெக்கை. ஐரோப்பியர் இதனை ரிண்டர்பெஸ்ட் என்று அழைத்தனர்.

இன்று இந்த வியாதி பூமியில் எந்தத் தேசத்து மந்தையிலும் இல்லை. 2011-ம் வருஷத்தில் இது அடியோடு ஒழிந்ததென்று உலக ஸ்தாபனங்கள் பிரகடனம் செய்தன. மனிதருடைய பெரியம்மைக்கு அடுத்தபடியாக, மனித முயற்சியால் பூண்டோடு அழிக்கப்பட்ட வியாதி இது ஒன்றே. இக்காரியம் ஒரு தேசத்தாரால் ஆனதன்று; ஒரு மருந்தினால் மட்டும் ஆனதுமன்று. பல தேசத்துச் சர்க்கார்கள் பொதுப்பணத்தைச் செலவிட்டு, தங்கள் ஆராய்ச்சிச் சாலைகளை ஒன்றோடொன்று இணைத்து, நூறு வருஷத்துக்கு மேல் உழைத்ததன் பலன் இது. இந்த வரலாற்றை அறிந்துகொள்வது, ஆடுகளைக் கொல்லும் இதன் இனத்து வியாதி ஒன்று இன்னும் கிராமங்களில் உலவி வருவதால், ஒவ்வொரு கால்நடைச் சொந்தக்காரருக்கும் அவசியமாகிறது.

வியாதியின் தன்மை

வெக்கைக்குக் காரணம் வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமி. சாதாரண நோய்க் கிருமிகளைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியிலும் இது ஊடுருவிச் செல்லும் என்பதை 1902-ம் வருஷத்தில் கான்ஸ்டான்டிநோபிள் நகரத்தில் மோரிஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளரும் அதில் பே என்ற துருக்கி ஆராய்ச்சியாளரும் காட்டினார்கள். குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையின் கிருமியும், ஆட்டுக்கொல்லி வியாதியின் கிருமியும், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வியாதியின் கிருமியும் இதற்கு நெருங்கிய உறவு. ஆயினும் வெக்கை மனிதரைத் தொற்றியதில்லை. மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகியவற்றையும், காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி முதலிய காட்டு மிருகங்களையும் அது தாக்கியது.

நோய்கண்ட மாட்டின் மூச்சுக்காற்று, கண்ணீர், மூக்குச்சளி, எச்சில், சாணம் இவற்றின் வழியாகக் கிருமி வெளிப்பட்டு, அருகில் நிற்கும் மாட்டைப் பற்றும். ஒரே தொட்டியில் நீர் குடித்தல், ஒரே பட்டியில் அடைத்தல், சந்தையில் நெருங்கி நிற்றல் ஆகியவையே பரவுவதற்கு வழி. முதலில் 104 முதல் 106 டிகிரி வரை ஜுரம் காணும். மாடு தீனி தின்னாது, அசைபோடாது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து பின்னர் சீழ்போல் தடிக்கும். உதட்டின் உட்புறத்திலும் ஈறுகளிலும் தவிட்டைத் தூவினாற் போன்ற புள்ளிகள் எழும்பி, அவை உதிர்ந்து புண்ணாகும். பிறகு இரத்தமும் சீதமும் கலந்து துர்நாற்றத்துடன் கழியும். உடலின் நீரெல்லாம் வற்றிக் கண்கள் குழிவிழுந்து, நோய் கண்ட 6 முதல் 12 தினங்களுக்குள் மாடு இறந்துவிடும். கோமாரி என்னும் காணை நோயிலும் வாய்ப்புண் உண்டெனினும் அதில் குளம்பிலும் புண் காணும், வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வெக்கையில் குளம்புப் புண் இல்லை, பிழைப்பதே அரிது.

இவ்வியாதியிடத்தில் மனிதனுக்கு அனுகூலமான சில குணங்களும் இருந்தன. பிழைத்தெழுந்த மாட்டுக்கு ஆயுள் முழுவதும் வெக்கை மறுபடி வராது. பிழைத்த மாடு கிருமியைத் தன்னுள் மறைத்து வைத்துக்கொண்டு பிற மாடுகளுக்குக் கொடுப்பதுமில்லை. வெயிலிலும் உலர்ச்சியிலும் கிருமி வெகுநேரம் உயிரோடிராது. வெக்கைக் கிருமியில் உட்பிரிவுகள் சில இருந்தாலும், ஒரே தடுப்பு மருந்து எல்லாவற்றுக்கும் போதுமாயிருந்தது. ஆகவே நோய்க்கு ஆளாகக்கூடிய மாடுகள் ஒரு வட்டாரத்தில் இல்லாமற் செய்துவிட்டால், எண்ணெய் வற்றிய விளக்கைப்போல் வியாதி தானே அவிந்துபோகும். பிற்காலத்து முயற்சிகளெல்லாம் இந்த ஓர் உண்மையின்மேல் எழுந்தவை.

எல்லை அறியாத வியாதி

1711-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்துப் பாதுவா நகரத்தருகே வெக்கை தோன்றிப் பரவியது. போப்பரசரின் வைத்தியராகிய லான்சிஸி, நோய்கண்ட மாடுகளைக் கொன்று புதைத்தல், மாடுகளின் நடமாட்டத்தைத் தடுத்தல் ஆகிய விதிகளை வகுத்தார். அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவில் மீண்டும் மீண்டும் எழுந்த மாட்டு மரணமே, 1761-ம் வருஷத்தில் பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் குளோத் பூர்ஜெலா என்பவர் முதல் மிருக வைத்தியப் பாடசாலையை நிறுவுவதற்கு ஒரு முக்கிய காரணமாயிற்று. 1865-ம் வருஷத்தில் இங்கிலாந்திலும் வெக்கை புகுந்து பெருஞ் சேதம் விளைவித்தது.

எல்லாவற்றிலும் கொடியது ஆப்பிரிக்காவில் நேர்ந்தது. 1887-ம் வருஷத்தை ஒட்டி அக்கண்டத்தின் வடகிழக்குக் கரையில் இறங்கிய வெக்கை, பத்து வருஷத்துக்குள் தென்கோடி வரையில் சென்றது. பல இடங்களில் பத்து மாடுகளில் எட்டு, ஒன்பது மாடுகள் இறந்தன. எத்தியோப்பியாவில் உழுவதற்கு எருதின்றி நிலங்கள் தரிசாகக் கிடந்தன. 1888 முதல் 1892 வரையில் நிகழ்ந்த பஞ்சத்தில் அத்தேசத்து ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டிருக்கலாமென்று கணிக்கப்படுகிறது. மனிதரைத் தொடாத வியாதி, மாட்டைக் கொன்றே மனிதரையும் கொன்றது.

இந்தியாவில் வெக்கையின் கொடுமையை விசாரிக்க நியமிக்கப்பட்ட மாட்டு வியாதிக் கமிஷன் 1871-ம் வருஷத்தில் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பின்னரே இவ்வியாதியை ஆராய நிரந்தரமான ஓர் ஆராய்ச்சிச் சாலை வேண்டுமென்ற எண்ணம் வலுப்பெற்றது.

முதல் ஆராய்ச்சிகள்

1889-ம் வருஷத்தில் புனாவில் சர்க்கார் செலவில் ஒரு கிருமி ஆராய்ச்சிச் சாலை தொடங்கப்பட்டது. அபாயமான கிருமிகளை வைத்து ஆராய்வதற்கு ஊர்களிலிருந்து ஒதுங்கிய குளிர்ந்த இடம் தேவையாயிருந்தபடியால், 1893-ம் வருஷத்தில் அது இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்டது. இந்நாளில் இசத்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் தொடக்கம் இதுவே. ஜெர்மானிய விஞ்ஞானியான ராபர்ட் கோக், தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி நகரத்தில் வெக்கையை ஆராய்ந்து, நோயினால் இறந்த மாட்டின் பித்தநீரை ஊசி மூலம் செலுத்தினால் ஓரளவு பாதுகாப்பு உண்டாகுமென்று கண்டவர். அவர் 1897-ம் வருஷத்தில் முக்தேசுவரத்துக்கும் வந்தார்.

பின்னர் நோயிலிருந்து பிழைத்த மாட்டின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் வழக்கத்துக்கு வந்தது. சீரத்தினால் உண்டாகும் பாதுகாப்பு சில வாரங்களே நிற்கும். ஆகவே ஒரு பக்கத்தில் சீரமும் மறு பக்கத்தில் உயிருள்ள கிருமியும் சேர்த்துக் குத்தும் முறை கையாளப்பட்டது. அதனால் நெடுநாள் பாதுகாப்புக் கிடைத்தது. ஆனால் செலவு மிகுதி. குத்திய மாடே நோயைப் பரப்பவும் கூடும். சென்னை இராஜதானியில் 1932-ம் வருஷத்தில் நிறுவப்பட்ட சீரம் நிலையத்தின் முதல் வேலை இந்த வெக்கைச் சீரத்தைத் தயாரிப்பதே. அந்நிலையமே பின்னர் இராணிப்பேட்டைக்குச் சென்று இன்றளவும் கால்நடை மருந்துகளைத் தயாரித்து வருகிறது.

1920-க்குப் பிற்பட்ட வருஷங்களில் முக்தேசுவரத்தில் ஜே. டி. எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கைக் கிருமியை ஒரு வெள்ளாட்டிலிருந்து மற்றொரு வெள்ளாட்டுக்கு மாற்றி மாற்றிச் செலுத்திக்கொண்டே வந்தார். நன்செய் விதையைப் பலகாலம் புன்செய்யிலேயே விதைத்து வந்தால் அதன் குணம் மாறுவதுபோல, வெள்ளாட்டின் உடலில் பழகிய கிருமி மாட்டினிடத்தில் தன் வேகத்தை இழந்தது. மாட்டுக்குக் குத்தினால் இலேசான ஜுரத்தோடு நிற்கும். பாதுகாப்போ பல வருஷங்களுக்கு இருக்கும். சீரத்தின் துணையும் வேண்டாமற் போயிற்று. நாட்டு மாடுகளுக்கு இது மிகவும் ஏற்றதாக இருந்தது. சீமை மாடுகளுக்கும் வேறு சில இனங்களுக்கும் மட்டும் சற்றுக் கடுமையாக இருந்தது. கொரியாவில் ஜுன்ஜி நாகமுரா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர் இதே முறையில் முயலின் உடலில் கிருமியைப் பழக்கி, மேலும் மென்மையான தடுப்பு மருந்தை 1938-ம் வருஷத்தில் வெளியிட்டார்.

தேசங்கள் ஒன்றுகூடியது

ஒவ்வொரு தேசமும் தன் எல்லைக்குள் மட்டும் பாடுபட்டால் போதாதென்பதை 1920-ம் வருஷத்து நிகழ்ச்சி ஒன்று தெளிவாக்கியது. இந்தியாவிலிருந்து பிரேஜில் தேசத்துக்குக் கப்பலில் அனுப்பப்பட்ட மாடுகள், வழியில் பெல்ஜியம் தேசத்து ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கி வைக்கப்பட்டன. அவற்றோடு வந்த வெக்கை, நெடுநாள் அவ்வியாதியைக் காணாத பெல்ஜியத்து மந்தைகளில் புகுந்தது. இதன் விளைவாக 1921-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் பல தேசத்தார் மகாநாடு கூடினர். 1924-ம் வருஷம் ஜனவரி மாதம் 25-ந் தேதி 28 தேசங்கள் கையெழுத்திட்டுச் சர்வதேசக் கால்நடைத் தொற்றுநோய் நிலையத்தை அந்நகரத்திலேயே நிறுவின. இன்று உலகக் கால்நடைச் சுகாதார நிறுவனம் என்ற பெயருடன் விளங்குவது இதுவே. ஒரு தேசத்தில் வியாதி தோன்றினால் மற்றத் தேசங்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டுமென்பது அதன் முதல் விதி.

இரண்டாவது உலக யுத்த காலத்தில், சத்துருக்கள் வெக்கைக் கிருமியை ஆயுதமாகப் பயன்படுத்தக்கூடுமென்ற அச்சத்தினால், அமெரிக்க ஐக்கிய நாடுகளும் கனடாவும் சேர்ந்து 1942-ம் வருஷத்தில் கனடாவிலுள்ள குரோஸ் ஐல் என்னும் ஆற்றுத் தீவில் கூட்டு ஆராய்ச்சியைத் தொடங்கின. ரிச்சர்ட் ஷோப் என்பவரின் தலைமையில் அங்கே கோழிமுட்டைக் கருவில் கிருமியை வளர்த்துத் தடுப்பு மருந்து செய்யப்பட்டது. அச்சத்தினால் தொடங்கிய வேலை, யுத்தம் முடிந்தபின் பிற தேசத்துக் குடியானவர்களுக்கும் உதவியது. 1945-ம் வருஷத்தில் கனடாவின் கியூபெக் நகரத்தில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் தோன்றியபோது, வெக்கையை ஒழிப்பது அதன் ஆரம்ப காலத்துக் கடமைகளில் ஒன்றாயிற்று.

முகுகாவில் கண்ட மருந்து

கென்யாவில் நைரோபி நகரத்துக்கு அருகிலுள்ள முகுகா என்னும் ஊரில், கிழக்காப்பிரிக்க நாடுகளுக்குப் பொதுவாக ஒரு கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே வால்டர் பிளௌரைட் என்ற ஆங்கில மிருக வைத்தியர், தம் சகாவான ஃபெரிஸ் என்பவருடன், கன்றின் சிறுநீரக அணுக்களைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, அவற்றில் வெக்கைக் கிருமியைத் தொண்ணூறு தடவைக்கு மேல் மாற்றி மாற்றிப் பயிராக்கினார். இவ்விதம் பழகிய கிருமி எந்த இன மாட்டுக்கும், எந்த வயதுக்கும், சினைமாட்டுக்கும் தீங்கு செய்யவில்லை. ஒரே தடவை குத்தினால் ஆயுள் முழுவதும் பாதுகாப்பு நின்றது. குத்திய மாட்டிலிருந்து மற்றொரு மாட்டுக்குக் கிருமி பரவவுமில்லை. இந்த ஆராய்ச்சியின் முடிவு 1962-ம் வருஷத்தில் வெளியிடப்பட்டது.

மருந்து செய்யும் வித்தும் முறையும் பல தேசத்து ஆய்வுக்கூடங்களுக்கும் கிடைத்தன. இந்தியாவிலும் அம்மருந்து செய்யப்பட்டது. 1999-ம் வருஷத்தில் பிளௌரைட்டுக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

ஆப்பிரிக்கா கற்பித்த பாடம்

நல்ல மருந்து கிடைத்ததும் 1962-ம் வருஷம் முதல் 1976-ம் வருஷம் வரையில் ஆப்பிரிக்காவில் 22 நாடுகளில் ஒரு பெருந்திட்டம் நடத்தப்பட்டது. அமெரிக்காவும் ஐரோப்பிய தேசங்களும் அந்நாடுகளின் சர்க்கார்களும் சேர்ந்து ஐந்து கோடி டாலருக்குமேல் செலவிட்டன. வியாதி ஏறக்குறைய மறைந்தது. இரண்டொரு மூலைகளில் மட்டுமே மிச்சமிருந்தது. வேலை முடிந்ததென்று எண்ணிப் பல நாடுகள் ஊசி போடுவதையும் விசாரிப்பதையும் தளர்த்தின. சில வருஷங்களில் அந்த மூலைகளிலிருந்தே வெக்கை மறுபடி கிளம்பி, 1980-க்குப் பிறகு மேற்கிலும் கிழக்கிலும் பரவியது. நைஜீரியாவில் மட்டும் இலட்சக்கணக்கான மாடுகள் இறந்தன. தோட்டத்துக் கோரையைக் கிழங்கோடு எடுக்காமல் மேலே அறுத்துவிட்டவனுடைய கதியே அந்நாடுகளுக்கும் நேர்ந்தது.

ஆகவே 1986-ம் வருஷத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்த்து, பெரும்பாலும் ஐரோப்பிய சமூகத்தின் பொருளுதவியால், இரண்டாவது திட்டம் தொடங்கப்பட்டது. இம்முறை ஊசி போட்ட மாடுகளின் எண்ணிக்கையை மட்டும் நம்பவில்லை. மாடுகளின் இரத்தத்தை எடுத்து, உண்மையில் பாதுகாப்பு உண்டாகியிருக்கிறதா என்று எலைசா என்னும் சோதனையால் பார்க்கப்பட்டது. இச்சோதனைக்கு வேண்டிய சாமான்களையும் பயிற்சியையும், இங்கிலாந்திலுள்ள பிர்பிரைட் ஆராய்ச்சி நிலையத்தின் உதவியோடு, உணவு விவசாய ஸ்தாபனமும் சர்வதேச அணுசக்தி ஸ்தாபனமும் கூட்டாக வியன்னாவிலிருந்து பல நாடுகளுக்கு அளித்தன. எல்லா நாட்டிலும் ஒரே சோதனை, ஒரே அளவுகோல் என்று ஆனபின்பே ஒரு நாட்டின் கணக்கை மற்றொரு நாடு நம்ப முடிந்தது.

குளிர்பெட்டி வேண்டாத ஊசி மருந்து

பிளௌரைட்டின் மருந்துக்கு ஒரு குறை இருந்தது. அதை எப்போதும் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். பாதையும் மின்சாரமும் இல்லாத பாலைப் பிரதேசங்களில் மாடு மேய்ப்பவரிடம் அது உயிரோடு போய்ச் சேருவது கடினம். 1990-ம் வருஷத்தை ஒட்டி ஜெஃப்ரி மாரினர் என்ற அமெரிக்க மிருக வைத்தியரும் அவருடைய சகாக்களும் அதே மருந்தை உலர்த்தும் முறையைத் திருத்தி, குளிர்பெட்டியின்றி ஒரு மாத காலம் வரை கெடாமலிருக்கும்படி செய்தனர்.

மருந்து மாறியதும் வேலை செய்யும் ஆளும் மாற முடிந்தது. எத்தியோப்பியாவின் ஆஃபார் நாட்டிலும், சூடானிலும், உகாண்டாவின் கரமோஜா நாட்டிலும், மேய்ப்பவர்களிலிருந்தே சிலரைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து, ஊசியும் மருந்தும் அவர்கள் கையிலேயே ஒப்புவிக்கப்பட்டன. சர்க்கார் வண்டி எட்டாத மேய்ச்சல் காடுகளில் அவர்கள் மாடுகளோடு நடந்து சென்று ஊசி போட்டார்கள். எந்த மந்தை எந்த மாதத்தில் எங்கே இருக்கும், எங்கே வாய்ப்புண்ணும் கழிச்சலும் கண்டது என்பதை அவர்கள் அறிந்த அளவுக்கு உத்தியோகஸ்தர் எவரும் அறிந்ததில்லை. ஆய்வுக்கூடத்து அறிவும் மேய்ப்பவருடைய அறிவும் ஒன்றுசேர்ந்த இடத்திலேதான் கடைசி மூலைகளும் சுத்தமாயின.

இந்தியாவிலும் இலங்கையிலும்

இந்தியாவில் 1954-ம் வருஷத்தில் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. கோடிக்கணக்கான மாடுகளுக்கு ஊசி போடப்பட்டு, வடக்கில் பல மாகாணங்களில் வியாதி வெகுவாகக் குறைந்தது. ஆனால் தீபகற்பப் பகுதியில் அது முற்றிலும் அற்றுப்போகவில்லை. தென்னாட்டில் ஆடுகளிடத்தும் வெக்கைக் கிருமி உலவி வந்தது அதற்கு ஒரு காரணம்.

இதன் விளைவு கடல் கடந்தும் சென்றது. இலங்கை நாற்பது வருஷங்களுக்கு மேலாக வெக்கையற்ற நாடாக இருந்தது. 1987-ம் வருஷத்தில் அங்கு சென்ற இந்தியப் படையினரின் உணவுக்காகக் கொண்டுபோகப்பட்ட உயிருள்ள ஆடுகளோடு வெக்கையும் போய்ச் சேர்ந்து, மாடுகளையும் எருமைகளையும் பற்றியது. அத்தீவு மறுபடியும் விடுதலை பெற 1994-ம் வருஷம் வரையில் பாடுபட வேண்டியதாயிற்று. வெளிக்குத் தெரியாத நோயோடு கூடிய சில ஆடுகள், ஒரு தேசத்தின் நாற்பது வருஷத்துச் சுத்தத்தைக் கெடுத்துவிட்டன.

1992-ம் வருஷம் முதல் ஐரோப்பிய சமூகத்தின் உதவியோடு இந்தியாவில் புதிய திட்டம் நடைபெற்றது. தேசம் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. கிராமம் கிராமமாக விசாரணை நடந்தது. மாட்டுச் சந்தைகளும் வழித்தடங்களும் கண்காணிக்கப்பட்டன. 1995-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் கண்ட வெக்கையே இந்தியாவில் கண்ட கடைசி வெக்கை.

அதன் பிறகு செய்ய வேண்டியிருந்த காரியம் துணிவு மிக்கது. ஊசி போட்ட மாட்டின் இரத்தமும், நோயிலிருந்து பிழைத்த மாட்டின் இரத்தமும் சோதனையில் ஒன்றுபோலவே காணும். ஆகவே ஊசியை நிறுத்தினாலன்றி, கிருமி எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று அறிய வழியில்லை. ஊசியை நிறுத்தினாலோ, புதிதாகப் பிறக்கும் கன்றுகளுக்குப் பாதுகாப்பில்லை. மண்டலம் மண்டலமாக ஊசி நிறுத்தப்பட்டு, வருஷக்கணக்காக இரத்தச் சோதனை செய்யப்பட்டது. கிருமி எங்கும் தென்படவில்லை. 2006-ம் வருஷத்தில் இந்தியா வெக்கைத் தொற்றற்ற நாடென்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

வியாதியின் முடிவு

1994-ம் வருஷத்தில் உணவு விவசாய ஸ்தாபனம், 2010-ம் வருஷத்துக்குள் வெக்கையை உலகெங்கும் ஒழிப்பதென்று நாள் குறித்துப் பொதுத் திட்டம் வகுத்தது. ஆசியாவில் கடைசி வெக்கை 2000-ம் வருஷத்தில் பாகிஸ்தானில் கண்டது. உலகிலேயே கடைசியாகக் கண்டது 2001-ம் வருஷத்தில் கென்யாவின் மெரு வனவிலங்குச் சரணாலயத்துக் காட்டெருமைகளில். பத்து வருஷம் காத்திருந்து சோதித்த பின்னர், 2011-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி கால்நடைச் சுகாதார நிறுவனமும், ஜூன் மாதம் 28-ந் தேதி உணவு விவசாய ஸ்தாபனமும் வெக்கை ஒழிந்ததென்று அறிவித்தன.

சில ஆய்வுக்கூடங்களில் வைத்திருக்கும் கிருமி மட்டுமே இனி எஞ்சியது. அனுமதியின்றி உயிர்க்கிருமியைக் கையாளலாகாதென்று விதி செய்யப்பட்டது. பிர்பிரைட் நிலையம் தன்னிடமிருந்த கிருமிகளின் மரபு அமைப்பை முழுவதும் எழுத்தில் பதிவு செய்துகொண்டு, 2019-ம் வருஷத்தில் அவற்றை அழித்துவிட்டது.

பொதுப்பணம் ஏன் வேண்டும்?

இவ்வளவும் சர்க்கார்கள் மூலமாகவே ஏன் நடைபெற வேண்டுமென்று கேட்கலாம். ஒரு வியாபாரி விற்கும் மருந்து வருஷந்தோறும் விலைபோக வேண்டும். ஒரே தடவை குத்தினால் ஆயுளுக்கும் போதுமான மருந்தையும், வெற்றி பெற்றால் தானே வேண்டாததாகிவிடும் மருந்தையும் செய்வதற்கு அவனுக்கு ஊக்கமிராது. மேலும் நோய் கடைசியாக ஒளிந்திருந்த இடங்கள், விலைகொடுத்து வாங்கச் சக்தியற்ற மேய்ப்பவர்களின் மந்தைகளே. அவர்களுடைய மாட்டுக்கு ஊசி போட்டதனால் உண்டான பலன், ஆயிரம் காதம் தள்ளியிருக்கும் குடியானவனுக்கும் சேர்ந்தது. பலன் எல்லோருக்கும் பொதுவானபடியால் செலவும் பொதுவாக இருந்தது நியாயமே. ஏரிக்கரையை ஊரார் கூடிக் காப்பதற்கும் இதற்கும் வேற்றுமையில்லை. ஒருவன் நிலத்தருகே கரை உடைந்தாலும் ஊர் முழுவதும் பாழாகும்.

மீதமிருக்கும் வேலை: ஆட்டுக்கொல்லி

வெக்கையின் இனத்தைச் சேர்ந்த ஆட்டுக்கொல்லி வியாதி 1942-ம் வருஷத்தில் மேற்காப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இந்தியாவில் இது 1987-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் விழுப்புரத்தை அடுத்த அரசூரில் கண்டறியப்பட்டது. அதற்கு முன் ஆடுகளில் இவ்வித அறிகுறிகள் கண்டபோதெல்லாம் வெக்கை என்றே கருதப்பட்டிருக்கக் கூடும். வெள்ளாடு, செம்மறியாடு இரண்டையும் இது தாக்கும். கடும் ஜுரம், கண்ணிலும் மூக்கிலும் சீழ், வாய்ப்புண், கழிச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை இதன் அடையாளங்கள். நிலமற்ற ஏழைக் குடும்பங்களுக்கும் கைம்பெண்களுக்கும் நாலைந்து ஆடுகளே வங்கிக் கணக்காக இருப்பதால், ஒரே வாரத்தில் பட்டி காலியாவது அவர்களுக்குப் பெரும் ஆபத்து.

இதற்கு நல்ல தடுப்பு மருந்து உண்டு. இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் ஒன்றும், தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அரசூர்க் கிருமியிலிருந்தே ஒன்றும் உருவாக்கப்பட்டன. 2015-ம் வருஷத்தில் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரத்தில் கூடிய தேசங்கள், 2030-ம் வருஷத்துக்குள் ஆட்டுக்கொல்லியையும் உலகிலிருந்து ஒழிப்பதென்று தீர்மானித்தன. வெக்கையை ஒழித்த அதே இரு ஸ்தாபனங்களே இதையும் நடத்துகின்றன.

கால்நடைச் சொந்தக்காரர்கள் கைக்கொள்ள வேண்டியவை

1. ஆட்டுக்குட்டிகளுக்கு மூன்று, நான்கு மாதம் நிரம்பியதும் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போடுவிக்க வேண்டும். அதன் பாதுகாப்பு மூன்று வருஷத்துக்குக் குறையாமல் நிற்கும்.

2. சந்தையில் வாங்கிய ஆட்டையும் மாட்டையும் உடனே மந்தையோடு சேர்க்காமல், மூன்று வாரம் தனியே கட்டி வைத்துத் தனித் தண்ணீரும் தனித் தீனியும் கொடுத்துவர வேண்டும். ஆண்ட்வெர்ப்பிலும் இலங்கையிலும் நேர்ந்தது இந்த எச்சரிக்கை இல்லாமையாலேயே.

3. ஜுரம், வாய்ப்புண், கழிச்சல் மூன்றும் சேர்ந்து கண்டால், அந்தப் பிராணியை விற்கவோ ஊர் மாற்றவோ கூடாது. மறைக்காமல் அன்றே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மாடுகளில் இவ்வடையாளங்கள் கண்டால் அலட்சியம் கூடவே கூடாது.

4. தொற்றுநோயால் இறந்த பிராணியின் தோலை உரிக்காமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

5. இரத்தச் சோதனைக்காக வரும் மிருக வைத்தியரை, நோயில்லாத மந்தைக்குச் சோதனை எதற்கென்று திருப்பி அனுப்பலாகாது. நோய் இல்லை என்பதை நிரூபிப்பதும் நோயை ஒழிப்பதில் ஒரு பாகமே.

வெக்கையால் மாடிழந்து ஏர் நின்ற வீட்டின் துயரத்தை அறிந்தவர்கள் இன்றும் கிராமங்களில் வயோதிகராக இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தப் பெயரைக் கேட்டதேயில்லை. ஆட்டுக்கொல்லியின் பெயரும் அவ்விதமே மறக்கப்படுமா என்பது ஆய்வுக்கூடங்களைப் பொறுத்தது பாதி. அடுத்த தடுப்பூசி முகாமுக்கு ஒவ்வொரு ஊராரும் தங்கள் ஆடுகளைத் தவறாமல் ஓட்டிவருவதைப் பொறுத்தது பாதி.